நேர்ந்துவிட்ட கிடாயும் நல்லமுத்துவின் ஈரலும்

ஓடைப்பட்டி நல்லமுத்து இந்த ஐம்பத்தாறு வயதுவரை ஒரு சொட்டுச் சாராயத்தைத் தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, வயிற்றில் பசையைத் தடவி, அங்கேயும் இங்கேயும் உருட்டிப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அதுவும் இரண்டாவது நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சத்யபிரியா சொன்னபோது, யாரோ தன்னைத் திருட்டுக் கேஸில் சேர்த்துவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

"நான் குடிக்கிறதில்லம்மா" என்றார்.

"குடிக்காதவங்களுக்கும் வருங்கய்யா. நீங்க ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க, அதச் சொல்லுங்க."

நல்லமுத்து ஒளிவுமறைவு இல்லாத ஆள். எழுந்ததும் ஒரு டீ, பல் தேய்த்ததும் ஒரு டீ, இன்பராஜ் கடையில் பேப்பர் படிக்க ஒரு டீ, படித்ததைப் பற்றிச் சண்டை போட ஒரு டீ. எல்லாவற்றிலும் கரண்டியை நட்டால் நிற்கிற அளவுக்குச் சீனி. காலையில் பத்து இட்லி. மத்தியானச் சோறு எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு கையைக் குவித்துக் காட்டினார். மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, அடுத்த கையையும் சேர்த்து விரித்துக் காட்டினார். சாயங்காலம் காரச்சேவு. இரவு டவுனுக்கு வந்திருந்தால் எண்ணெயில் பொரித்த பரோட்டா ஐந்து, வராவிட்டால் மறுபடியும் சோறு. டாக்டர் பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எடை தொண்ணூற்றொரு கிலோ. நாலு மாதத்தில் எண்பத்துமூன்றுக்கு வர வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால்வாசிதான் சோறு. சீனி, பரோட்டா, சேவு, கலர் சோடா எதுவும் கூடாது. தினமும் முக்கால் மணி நேரம் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம், மாத்திரை எதுவும் வேண்டியதில்லை என்றார் டாக்டர். கூட வந்திருந்த மனைவி முருகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரை இல்லாத சீக்கு என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியுமா? இவ்வளவு தூரம் வந்ததற்குப் புருஷனுக்கு ஓர் ஊசியாவது போட்டு அனுப்பும்படி டாக்டரிடம் மன்றாடினாள். டாக்டர் மசியவில்லை.

நல்லமுத்துவின் நினைப்பு ஊசியில் இல்லை. அது அண்ணன் சின்னச்சாமியிடம் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அவரும் ஈரல் கெட்டுத்தான் போனார். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, ஆறே மாதம். அவரும் குடித்ததே இல்லை. ஆனால் ஈரல் என்ற சொல்லைக் கேட்டதுமே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. துஷ்டி கேட்க வந்து பந்தலில் உட்கார்ந்தவர்களே, தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் வைத்து ரகசியமாகக் குடித்திருப்பார் என்று காதைக் கடித்தார்கள். மாலைகூட வாடவில்லை, அதற்குள் பட்டம் கட்டியாயிற்று.

"ஈரல் இறுகிப் போச்சுன்னா திரும்பாதுங்கய்யா. உங்களுக்கு இன்னும் இறுகல. இப்பப் பிடிச்சா திரும்பும்" என்று டாக்டர் சொன்னதை நல்லமுத்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போன வழியில் போகக் கூடாது. அப்படியே போனாலும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து குடித்தே செத்தார்கள் என்ற பேரோடு போகவே கூடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓடைப்பட்டியிலிருந்து திருச்சுழி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அது மாசி மாதக் கடைசி. பருத்தி எடுத்து முடிந்து காடு வெறுமனே கிடந்தது. இருநூறு அடி போயிருப்பார். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முருகேஸ்வரியின் தம்பி ஆண்டிச்சாமி.

"எங்க மச்சான்? ஏறுங்க."

எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றார் நல்லமுத்து. ஆண்டிச்சாமியின் முகம் சுருங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் ரோட்டில் நடந்து போகிறான் என்றால் ஒன்று பஸ்ஸை விட்டிருப்பான், இல்லை வீட்டில் சண்டை போட்டிருப்பான். மூன்றாவதாக ஒரு காரணம் இந்தக் கரிசல் பூமியில் இன்னும் முளைக்கவில்லை. தெரிந்தவனை நடக்கவிட்டு வண்டியில் கடந்து போனால், அது ஏழு தலைமுறைக்குத் தீராத பாவம். ஏறாவிட்டால் அக்காவுக்கும் இவருக்கும் என்ன தகராறு என்று விசாரணை வேறு வரும். நல்லமுத்து ஏறினார்.

மறுநாள் பால் வண்டி. அதற்கு மறுநாள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். டிரைவர் கீழே இறங்கி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நாலாம் நாள் வீரசோழன் போகிற பஸ்ஸே நின்றுவிட்டது. கண்டக்டர் தெரிந்த பையன். "பெரியப்பா, ஏன் வெயில்ல போறீக" என்று அலேக்காக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டான். வெயில் இன்னும் பிறக்கவே இல்லை. நல்லமுத்து வீரசோழனில் போய் இறங்கி, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவரிடம் மிளகாய் வாங்குகிற யாவாரி பார்த்துவிட்டுத் தேங்காய்ப் பால் ஊற்றிய ஆப்பம் ஆறு வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். ஒரு வாரத்தில் நல்லமுத்து நடந்தது எல்லாம் கூட்டினாலும் ஒன்றரைக் கிலோமீட்டர் தேறாது. ஏறி இறங்கிய வண்டி பதினொன்று.

நடைதான் இப்படி என்றால், சாப்பாட்டுக் கதை இதற்கு மேல். முருகேஸ்வரி புருஷனைக் காப்பாற்றியே தீருவது என்று கச்சை கட்டிவிட்டாள். நெல்லுச் சோறு ஆகாது என்றதும் குதிரைவாலிக்கு மாறினாள். குதிரைவாலி நல்லது, ஆகவே எவ்வளவு போட்டாலும் நல்லது என்பது அவள் கணக்கு. முன்னே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டவருக்கு இப்போது மூன்று தட்டுக் குதிரைவாலி. காய்கறி பாதித் தட்டு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் விடவில்லை. உருளைக்கிழங்கை வறுத்து, தட்டின் பாதியில் மலைபோல் அடுக்கினாள். கிழங்கும் காய்கறிதானே என்பாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

இன்பராஜ் கடையில் சீனி இல்லாமல் டீ கேட்டார். இன்பராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வாய்க்கு ருசி வேண்டாமா என்று ஒரு கரண்டி சீனியைப் போட்டு, அவருக்குத் தெரியாமல் ஆற்றிக் கொடுத்தான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தவள் பந்தல்குடியில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கத்தாய். தம்பிக்கு ஈரலில் கோளாறு என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமையே தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே ஆட்டு ஈரல், மிளகும் நல்லெண்ணெயும் தெறிக்கிற வறுவல். கால் வலித்தால் ஆட்டுக்கால் சூப்பு குடிக்கிறோம், ரத்தம் இல்லாவிட்டால் ஆட்டு மண்ணீரலான சுவரொட்டி சாப்பிடுகிறோம். ஈரல் கெட்டால் ஈரலைத்தானே சாப்பிட வேண்டும்? இதைப் படித்த பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று டாக்டருக்காக வேறு வருத்தப்பட்டாள். பந்தல்குடிக் கறிக்கடையில் சொல்லி வைத்து, வாராவாரம் கொண்டுவந்தாள். ஊரும் சும்மா இருக்குமா? கோயில் கிடா வெட்டினாலும், காது குத்தினாலும், முதல் ஈரல் வாழை இலையில் மடித்து நல்லமுத்து வீட்டுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் ஆடுகளுக்கு ஈரலே இல்லாமல் போயிருந்தால் அதற்கு நல்லமுத்துதான் பொறுப்பு.

பங்குனி முடிகிற சமயம் மிளகாய் மூட்டையோடு அருப்புக்கோட்டைக் கமிஷன் கடைக்குப் போனவர், மூட்டையை இறக்கிவிட்டுத் தராசில் தானே ஏறி நின்றார். தொண்ணூற்று நாலு. தராசு சரியில்லை என்றார். கடைக்காரர் ஐம்பது கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டினார். தராசு சரியாக ஐம்பது காட்டியது. ஒரு மாதமாக வைத்தியம் பார்த்து மூன்று கிலோ கூடியிருந்தது.

நல்லமுத்து பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தார். முற்றத்தில் ஆண்டிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தான். தன் வீட்டு ஆள் ஒருத்தருக்காக ரொம்ப யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவனின் களை முகத்தில் இருந்தது. அக்கா உள்ளே போகும்வரை பொறுத்திருந்தான்.

"மச்சான், தப்பா நினைக்கக் கூடாது. நம்ம பக்கம் ஒரு கோயில்ல கயிறு கட்டி விடுறாக. அதுக்கப்புறம் எம்புட்டுப் பெரிய குடிகாரனும் தொட மாட்டான். செவ்வாக்கெழம போயிட்டு வந்துருவோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நல்லமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"நான் குடிக்கிறேன்னு யாரு மாப்ளே சொன்னது?"

"யாரும் சொல்லல மச்சான். காலையில ஆறு மணிக்குத் தனியாப் போறீக. எங்கன்னு கேட்டா எங்கயும் இல்லங்கிறீக. ஈரலு வேற..." ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தான். "பெரிய மச்சானையும் அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"எங்கண்ணன் எரிஞ்சு சாம்பலாயி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் அவுக வாய ஊதச் சொல்லிப் பாக்குறீகளாடா?"

இதைச் சொன்ன குரல் தெருக்கோடிவரை போனது. முருகேஸ்வரி உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். ஆண்டிச்சாமி செருப்பைப் போட மறந்து, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். நல்லமுத்து அன்றைக்கு வறுத்த கிழங்கைத் தொடவில்லை. அவர் கோபத்தில் சாப்பிடாமல் இருப்பதைக் கல்யாணமான முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்த முருகேஸ்வரி பயந்துபோய்ப் பந்தல்குடிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் வந்த தங்கத்தாயிடம் தூக்குச்சட்டி இல்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு கருப்புக் கிடாய் முதலில் குதித்தது, அதன் கயிற்றைப் பிடித்தபடி அவள் பின்னால் விழுந்தடித்து இறங்கினாள். இரண்டு தம்பிமார் பேரையும் ஊர் இழுத்ததைக் கேட்டு அவளுக்கு ராத்திரி முழுக்க ஆறவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குலதெய்வம் இருளப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு விட்டாள்.

"தம்பிக்கு ஈரலு முழுசாக் குணமாகட்டும், இந்தக் கிடாய ஒனக்கு வெட்டுறேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் இது ஒன் வீட்டுலதான் வளரணும். கிடா நிக்கிற வீட்டுல கறி கூடாது, ஆமா."

சின்னச்சாமி இவளுக்கு அண்ணன்தானே, தம்பிமார் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. தங்கத்தாய்தான் மூத்தவள், தனக்கு அடுத்துப் பிறந்தவனைத் தனக்கு முன்னே அனுப்பிவிட்டு நிற்கிறவள்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு எங்கள் பக்கத்தில் கலெக்டருக்குக்கூட இல்லாத மரியாதை உண்டு. அடிக்கக் கூடாது. அதட்டக் கூடாது. கட்டியே போடக் கூடாது. காலாற மேய விட வேண்டும். அது இழுக்கிற பக்கம் சாமி இழுக்கிற பக்கம். நல்லமுத்து பிறந்ததிலிருந்து ஆடு மேய்த்தவர் இல்லை. ஆனாலும் வேறு வழி இல்லாமல் மறுநாள் காலை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

ஆண்டிச்சாமியின் மோட்டார் சைக்கிள் வந்தது. நிற்கவில்லை. முந்தாநாள் ரோஷமாக இருக்கும் என்று நினைத்தார். பால் வண்டி வந்தது. அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். டிராக்டர் ஒதுங்கி வழி விட்டது. வீரசோழன் பஸ் வந்தபோது கண்டக்டர் படியில் நின்று, "கிடாயப் பிடிச்சுக்கங்க பெரியப்பா" என்று மட்டும் சொன்னான். நல்லமுத்து ரோட்டு ஓரத்தில் வாயைப் பிளந்தபடி நின்றார். கையில் ஆடு இருந்தால் அவன் நடக்கக் காரணம் உள்ளவன். அவனை யாரும் ஏற்ற மாட்டார்கள், ஏனென்று கேட்கவும் மாட்டார்கள். கிடாய் ஒரு இழுப்பு இழுத்தது. பிளந்த வாயை மூடிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அந்தக் கிடாய் சாதாரணப் பிறவி இல்லை. முன்ஜென்மத்தில் போலீஸ் மைதானத்தில் விசில் ஊதியிருக்க வேண்டும். வேலிக்கருவைக் காட்டுக்குள் நுழைந்து காய்ந்து உதிர்ந்த நெத்துக்களைப் பொறுக்கும். நல்லமுத்து குனிந்து, தவழ்ந்து, முள்ளை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போவார். கண்மாய்க் கரையில் விறுவிறுவென்று ஏறி, மேலே நின்று காற்று வாங்கும். அவர் மூச்சு வாங்க ஏறி முடிக்கிற நேரம் பார்த்து மறுபக்கம் இறங்கும். முக்கால் மணி நேரம் போதும், திரும்பு என்று சொல்லவும் முடியாது, அதட்டினால் சாமி குற்றம். ஒருநாள் விட்டிருந்தால் ராமநாதபுரம் எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். மனதுக்குள் அதை அவர் திட்டாத திட்டு இல்லை. வாயால் மட்டும், "நட ராசா, நட" என்பார்.

இன்பராஜ் கடையில் உட்கார முடிவதில்லை. ஒரு தடவை வடையைக் கையில் வாங்கினார். வாய்க்குப் போவதற்குள் கிடாய் வாங்கிக்கொண்டது. இரண்டாம் தடவை டீயையும் தட்டிவிட்டது. இன்பராஜ் சாமியே வேண்டாம் என்கிறது என்று முடிவுகட்டி, வடையும் கொடுப்பதில்லை, சீனியும் போடுவதில்லை. டாக்டர் சொல்லிக் கேட்காதவன் ஆடு சொல்லிக் கேட்டான். அக்கா போட்ட சட்டத்தால் ஊரார் ஈரலும் வாசலோடு திரும்பியது. தராசு காட்டியதைக் கேட்ட பிறகு முருகேஸ்வரி ஒரு நாள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். கிழங்கு காயில் சேராது, குதிரைவாலியும் கால் தட்டுதான் என்று தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை; மறுநாளிலிருந்து தட்டில் பீர்க்கங்காயும் அவரைக்காயும் ஏறின, குதிரைவாலி ஒரு கரண்டியில் நின்றது. பசிக்கிறது என்று நல்லமுத்து முனகினால், இன்னொரு கரண்டி அவரைக்காய் விழும். முனகலை நிறுத்திக்கொண்டார்.

ஆனி மாதம் மறுபடியும் பசையும் உருட்டலும். எடை எண்பத்துமூன்றரை. டாக்டர் சத்யபிரியா பழைய தாளையும் புதுத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரத்தத்தில் ஏறியிருந்ததெல்லாம் இறங்கியிருந்தது. இரண்டாவது நிலை, முதல் நிலைக்கு வந்திருந்தது.

"நல்லாக் கரைஞ்சிருக்குங்கய்யா. கொஞ்சந்தான் மிச்சம். இதே மாதிரி இன்னும் ஆறு மாசம் போனா முழுசாச் சரியாயிரும். என்ன பயிற்சி பண்றீங்க?"

நல்லமுத்து சொன்னார். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் நல்லமுத்துவுக்கு அந்தக் கணக்கு உறைத்தது. ஈரல் முழுசாகக் குணமானால் கிடாயை வெட்ட வேண்டும். கிடாய் போய்விட்டால் மறுபடி மோட்டார் சைக்கிள், பால் வண்டி, டிராக்டர், வீரசோழன் பஸ். ஈரல் பழையபடி கொழுக்கும். கொஞ்சம் சீக்கோடு இருந்தால்தான் கிடாய் இருக்கும், கிடாய் இருந்தால் சீக்கு இருக்காது. இந்த முடிச்சை இருளப்பசாமி எந்தக் கோபத்தில் போட்டார் என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, வெட்டுகிற அன்றைக்கு முதல் ஈரல் உனக்குத்தான் என்று அக்கா போனிலேயே சொல்லிவிட்டாள். இன்னும் முழுசாகவில்லை என்று சொல்லி நல்லமுத்து தேதியைத் தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை கயிற்றோடு ரோட்டுக்கு வந்தபோது பின்னால் ஒரு சின்ன லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஆண்டிச்சாமி. மூன்று மாதமாக முகம் பார்க்காதவன், எங்கேயோ போய் வண்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"மச்சான், கிடாயோட எம்புட்டுத் தூரம் நடப்பீக. மனசு கேக்கல. கிடாயையும் ஏத்திருவோம், ஏறுங்க." பின்பக்கத் தட்டியை இறக்கிவிட்டான்.

நல்லமுத்து பதில் சொல்வதற்குள் கிடாய் ஒரே தாவலாகத் தாவி வண்டிக்குள் போய் நின்று, அவரைத் திரும்பிப் பார்த்தது. அது போகிற பக்கம் போக வேண்டும். இறங்கு என்று அதட்டக் கூடாது. நல்லமுத்து ஒரு காலைத் தூக்கித் தட்டிமேல் வைத்தார். வைத்த காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்க. எனக்கு ஈரல்ல கொழுப்பு. குடிச்சு வந்ததில்ல, தின்னு வந்தது. நடந்தாக் கரையுது, பாதி கரைஞ்சு போச்சு. காயிதம் வீட்டுல இருக்கு, போயிப் பாத்துக்க. நீயி என்னைய ஏத்தி ஏத்தித்தான் கொல்லப் பாத்த."

ஆண்டிச்சாமி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் யோசிக்கிற ஆள், ஆனால் மெதுவாக யோசிக்கிற ஆள்.

"தின்னு வந்ததா?" என்றான்.

"தின்னுதான்."

"அப்பப் பெரிய மச்சானுக்கும்?"

நல்லமுத்து கயிற்றை வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து வெறுங்கையை வீசி நடக்க ஆரம்பித்தார்.

லோடு ஆட்டோ பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. கடந்து போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவர் நடைக்குத் தோதாக முதல் கியரிலேயே ஊர்ந்தது. வண்டியில் கிடாய் தேரில் நிற்கிற சாமி மாதிரி நின்றது. எதிரே பால் வண்டி வந்து, வெறுங்கையோடு நடக்கிற பெரியவரைப் பார்த்ததும் பிரேக் போட்டது. வாயைத் திறந்தவனை ஆண்டிச்சாமி தலையை வெளியே நீட்டி அடக்கினான்.

"ஏலே, மச்சானை ஏத்தாத. ஈரல்ல கொழுப்பு. சோத்துல வந்தது, குடியில இல்ல. நடந்துதான் கரைக்கணும். செத்துப் போன பெரிய மச்சானுக்கும் இதுதான் வந்திருக்கு, நமக்குத்தான் தெரியாமப் போச்சு."

பின்னால் வந்த டிராக்டருக்கும் அதையே சொன்னான். வீரசோழன் பஸ்ஸையும் கையைக் காட்டி நிறுத்திச் சொன்னான். கண்டக்டருக்குக் காது கேட்கவில்லை என்று இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னான். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

நல்லமுத்துவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பின்னால் வண்டிப் புகை, காதில் ஆண்டிச்சாமியின் தண்டோரா, நிம்மதியாக நாலு எட்டு நடக்க விடுகிறார்களா இந்த ஊரில்? ஆனால் பஸ் போன பிறகும் அவர் திரும்பி அவனை வாயை மூடு என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் பந்தல்குடிப் பாதை பிரியும் முக்கு வரும். காலையில் அங்கே வண்டிகள் நிறைய வரும். நல்லமுத்து அந்தப் பக்கமாக எட்டிப் போட்டு நடந்தார்.